கிலோ என்ன விலைண்ணே?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் முழுக்க இயர் எண்டிங் ஆணி, ஏப்ரல் முழுக்க ஆடிட் ஆணி. லக்னோ வெயிலில் மண்டை காய்ந்து கிடந்தவனை மறுபடி எழுத வைத்தது ஒரு ரத்ததான முகாம்.

எங்கள் கிளையில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையன் ஒருத்தன். ஹர்தோய் பக்கம் கிராமம். வயசு 23. சம்பளம் கைக்கு 15,500. அதில் 6,000 ஊருக்குப் போய்விடும், 2,200 அறை வாடகை. வங்கி நடத்திய முகாமில் முதல் ஆளாக வந்து சட்டைக் கையை மடித்தான். விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டு, "நீங்க கொடுக்க முடியாது தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். இவனுக்கு 10.8.

பயலுக்கு அவமானமாகப் போய்விட்டது. டீ குடிக்கக் கூட்டிப்போய், "என்னடா சாப்பிடறே?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"சார்ஜி, நல்ல சாப்பாடெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம். எனக்கு ஆப்ல கட்டுப்படியாகிறதைத்தான் வாங்க முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. இது அவன் வாய் சொன்னாலும் அவன் யோசித்த யோசனை இல்லை. யாரோ அவனுக்கு விற்ற யோசனை. அவன் மட்டுமா? எங்கள் ஆபீஸில் பாதிப்பேர், என் வீட்டு தங்கமணி, ஏன், நானே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல சாப்பாடு விலை அதிகம், கெட்ட சாப்பாடுதான் மலிவு. நான் சொல்கிறேன், இது பச்சைப் பொய். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பி.காம். படித்தவனிடம் போனைக் கொடுத்தால் என்ன செய்வான்? ஸ்டேட்மெண்ட் எடுப்பான். அவன் போனில் ஒரு மாசத்து ஆர்டர்களை வரிசையாக எழுதினேன். மொத்தம் 31 ஆர்டர். ஆன செலவு 4,260 ரூபாய். அதைத் தலைப்பு வாரியாகப் பிரித்தால்:

பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ், பிரெட், கலர் - 2,480
பால், டீத்தூள், சர்க்கரை - 640
வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை - 530
டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டருக்கான கட்டணம் - 610

கடைசி வரியைப் பாருங்கள். முட்டை காய்கறிக்குச் செலவழித்ததைவிட, கொண்டுவந்து கொடுத்ததற்கான கட்டணம் அதிகம்! ஒரு நாள் ராத்திரி 90 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 35 ரூபாய் கட்டணம் கட்டியிருக்கிறான். கிட்டத்தட்ட 39 சதவீதம். நான் ஒரு கடனுக்கு ப்ராசசிங் சார்ஜ் 39 சதவீதம் போட்டால் என்னைச் சும்மா விடுவார்களா?

ஏழைக்குச் சில்லறையாக வாங்கத்தான் முடிகிறது. சில்லறையாக வாங்குகிறவனுக்குத்தான் அதிகக் கட்டணம். மொத்தமாக வாங்கும் எனக்கு இலவச டெலிவரி. அதாவது என் இலவசத்துக்கு அவனும் சேர்ந்து காசு கட்டுகிறான்.

சரி, விலைக்கு வருவோம்.

எங்கப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளை. சின்ன வயசில் அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "கிலோ என்ன விலைண்ணே?" நூறு கிராம் வாங்க வந்தவரும் கிலோ விலைதான் கேட்பார். அது தெரிந்தால்தான் பக்கத்துக் கடையோடு ஒப்பிட முடியும். லக்னோ மண்டியிலும் அதே கேள்விதான். "பாவ் க்யா ஹை?"

போனுக்குள் கடை வந்ததும் காணாமல் போனது இந்த ஒரு கேள்விதான். அங்கே விலை பாக்கெட்டுக்கு. ஒன்று 38 கிராம், ஒன்று 110 கிராம், ஒன்று 225 கிராம். எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. 20 ரூபாய் என்று போட்டிருந்தால் 20 ரூபாய்தானே என்று விரல் தானாக அமுக்கிவிடும்.

மசாலா ஓட்ஸ் 38 கிராம் 20 ரூபாய் என்றால் கிலோ 526 ரூபாய். கோதுமையை உடைத்த தலியா கிலோ 80 ரூபாய். இரண்டில் எது ஏழைச் சாப்பாடு?

இன்னும் ஒரு படி மேலே போய், பத்து கிராம் புரதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டேன். லக்னோவில் என் போனில் தெரிந்த விலைதான், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சோயா உருண்டை - சுமார் 3 ரூபாய்
கறுப்புக் கொண்டைக்கடலை - 6 ரூபாய்க்குள்
துவரம்பருப்பு, வேர்க்கடலை - 6 முதல் 7 ரூபாய்
முட்டை - 11, 12 ரூபாய்
டைஜஸ்டிவ் பிஸ்கட் - 30 ரூபாய்க்குக் கிட்ட
புரோட்டீன் பார் - 60 ரூபாய்

ஆரோக்கியம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் இரண்டும்தான் பட்டியலிலேயே விலை அதிகம். ஒன்றுமே எழுதாமல் பிளாஸ்டிக் கவரில் வரும் கொண்டைக்கடலை மலிவு. கடலைக்கு விளம்பரம் செய்ய யாருக்கும் லாபம் இல்லை, அதனால் தேடல் பட்டியலில் அது பதினேழாவது வரிசையில் இருக்கும். முதல் நாலு இடம் காசு கொடுத்தவர்களுக்கு.

இப்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவனுக்கு உபதேசம் செய்து தப்பித்துக்கொண்டான் என்று நினைக்கக் கூடாது பாருங்கள். வங்கியில் வருஷாந்திரப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3. 5.7-ஐத் தாண்டினால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 வந்தால் சர்க்கரை நோயே. நான் வாசற்படியில் நிற்கிறேன். ராத்திரி மல்டிகிரெய்ன் பிஸ்கட்டும் தேன் போட்ட கார்ன்ஃபிளேக்ஸும் சாப்பிட்டு, உடம்பைக் கவனித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் படம் போட்டிருந்த ஐந்து தானியமும் கடைசியில் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆக சம்பளம் குறைந்தவனுக்கு ரத்தம் இல்லை, சம்பளம் கூடினவனுக்கு சர்க்கரை. இரண்டு பேரும் ஒரே கடையில் ஏமாந்தவர்கள்.

இது எங்கள் இரண்டு பேர் கதை மட்டும் இல்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2024-ல் ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நம் நாட்டு நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவால் வருவது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல்!

சர்க்கார் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே சட்டத்தில் கிடையாது, அந்தத் தலைப்பில் மால்ட் பானங்களை விற்காதே என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டார்கள். கூடையில் கேட்காததைச் சொருகுவது, கடைசியில் கட்டணத்தை ஏற்றுவது, 'இன்னும் இரண்டே பாக்கி' என்று பொய் அவசரம் காட்டுவது மாதிரி 13 தில்லாலங்கடிகளைப் பட்டியல் போட்டு 2023 நவம்பரில் தடை செய்தார்கள். நல்ல விஷயம்.

ஆனால் முன்பக்கத்தில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு பற்றிப் பளிச்சென்று சொல்ல வேண்டும் என்ற விஷயத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பெண் என்று ஒரு வரைவு விட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் பரிந்துரையை முடியுங்கள் என்றது. மூன்று மாதம் போனது, கெடுவை நீட்டிக் கொடுத்தார்கள். சிலி நாட்டில் 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்திவிட்டார்கள். நமக்கு மட்டும் கெடு நீண்டுகொண்டே போகும்.

வரி விஷயம் அதைவிடக் கூத்து. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசி, கோதுமை மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. கடையில் உதிரியாக எடை போட்டு வாங்கினால் வரி இல்லை. போன் கடையில் உதிரி ஏது? எல்லாம் பொட்டலம்தான். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட்டுக்கு 18-லிருந்து 5 ஆகவும், மிக்சர் வகையறாவுக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைத்தார்கள். ஆக, துவரம்பருப்புக்கும் 5, கிரீம் பிஸ்கட்டுக்கும் 5. தராசில் இரண்டும் சமம்! பிஸ்கட் வரியைக் குறைத்ததற்கு நான் அழவில்லை. அன்றைக்கே பருப்பு வரியை எடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டிருக்கிறது. புதுசாக சில்லறைக் கடன் எது கொடுத்தாலும் ஒரு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும். வட்டி மட்டும் இல்லை, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணாக, வாடிக்கையாளருக்குப் புரிகிற மொழியில். ஐம்பதாயிரம் ரூபாய் தனிநபர் கடனுக்கும் நான் அதை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறேன்.

கடன் வாங்குகிறவனை ஏமாற்றக் கூடாது என்று நினைக்கும் அதே நாட்டில், சோறு வாங்குகிறவனுக்கு ஏன் அந்த ஒரு தாள் இல்லை? நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. போன் திரையில் விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மூன்று எண். கட்டணம் எல்லாம் சேர்ந்து கிலோ என்ன விலை. நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு. உப்பு எவ்வளவு. அவ்வளவுதான். கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2021-லேயே எடையளவு விதிகளைத் திருத்திவிட்டார்கள். பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? காசு கட்டும்போது கண்முன்னே இருப்பது பாக்கெட் இல்லை, திரை.

அடுத்த பஞ்சாயத்து உபதேசிகளோடு. காலையில் அவகாடோ, மதியம் கீன்வா, ராத்திரி சியா விதை என்று வீடியோ போடும் மகாராஜன்களே, உங்களால்தான் அந்தப் பையன் நல்ல சாப்பாடு பணக்காரங்க சமாச்சாரம் என்று முடிவு கட்டினான். நம்ம ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், ராகி மாவு அரைக் கிலோ பாக்கெட்டில் சூப்பர் உணவாகிவிட்டது. நானும் ஊர்ப்பாசத்தில் வாங்கித் தள்ளினேன். இங்கே உத்தரப் பிரதேசத்தில் கம்பு மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது. வறுத்த கடலையை அரைத்த சத்து என்ற மாவு (நம்ம சத்துமாவு இல்லை, பெயர்தான் அப்படி) தண்ணீரில் கரைத்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம் போட்டால் கோடைக்குக் காலை ஆகாரம். குளிர்காலத்தில் பதுவா கீரை வரும், நம்ம ஊர் சக்கரவர்த்திக் கீரைதான். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் தானியம்தான் மலிவு. இது தெரிய எனக்கு இரண்டு டிரான்ஸ்பர் ஆனது.

"அப்புறம் எதுக்குய்யா ஆன்லைன், மண்டிக்குப் போகவேண்டியதுதானே" என்று இன்னொரு கோஷ்டி வரும். ஐயா, அவன் வேலை முடிந்து அறைக்குப் போக எட்டரை மணி. மண்டி அதிகாலையில். அவனுக்குப் போன்தான் கடை. கடையை மூடு என்று சொல்வது சுலபம், அந்தக் கடையில் ஏமாறாமல் வாங்கச் சொல்லிக்கொடுப்பதுதான் காரியம்.

நாங்கள் செய்தது இதுதான். அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மாசம் ஒரு மளிகை ஆர்டர், வாரம் ஒரு காய்கறி ஆர்டர், மூன்று பேரும் சேர்ந்து. டெலிவரிக் கட்டணம் போச்சு. அவன் பங்குக்கு மாசத்துக்கு வந்தது: கொண்டைக்கடலை 2 கிலோ, மசூர் பருப்பு 2 கிலோ, சோயா, வேர்க்கடலை, தலியா ஒவ்வொரு கிலோ, ஆட்டா 5 கிலோ, அரிசி 3 கிலோ, கடுகெண்ணெய் 1 லிட்டர், உப்பு, மசாலா, டீ, சர்க்கரை. எல்லாம் சேர்த்து 1,635. முட்டை, பால், கீரை, காய், எலுமிச்சைக்கு வாரம் 420 வீதம் 1,680. மொத்தம் 3,315. பழைய கணக்கைவிட 945 ரூபாய் மிச்சம்.

கூடவே சில விதிகள் போட்டுக்கொடுத்தேன்:

1. 'ஹெல்தி', 'ஸ்நாக்ஸ்' என்று தேடாதே. சாமான் பெயரைப் போட்டுத் தேடு. சனா என்றால் சனாதான்.
2. கால்குலேட்டரில் கிலோ விலை பார்க்காமல் புது பாக்கெட் எதையும் தொடாதே.
3. சேர்மானத்தில் முதல் மூன்றைப் படி. அதில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு இல்லை.
4. இலவச டெலிவரிக்கு 40 ரூபாய் குறைகிறதா? வேர்க்கடலை போடு, சிப்ஸ் போடாதே.
5. ராத்திரி ஒன்பது மணிக்குமேல், பசியோடு, ஆப்பைத் திறக்காதே.
6. கடலையோடு எலுமிச்சை பிழி, இரும்புச் சத்து உடம்பில் ஏறும். சாப்பாட்டோடு டீ குடித்தால் ஏறாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி.

இதில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். கடலையைக் காலையில் ஊறப்போட வேண்டும், குக்கர் வேண்டும், அடுப்பு வேண்டும், அலுத்து வந்து சமைக்கத் தெம்பு வேண்டும். மூன்று பேர் முறை வைத்துச் செய்வதால் ஓடுகிறது. அடுப்பே இல்லாத அறையில் தனியாக இருப்பவனிடம் என் பட்டியலை நீட்ட எனக்கு வாய் வராது. அவனுக்கு வறுகடலை, வேர்க்கடலை, சத்து, வாழைப்பழம், பால். நூடுல்ஸைவிட அது எவ்வளவோ மேல். அதற்குமேல் செய்ய வேண்டியது அவன் இல்லை, விதி போடுகிறவர்களும் கடை நடத்துகிறவர்களும்.

டாக்டரிடமும் கூட்டிப்போனேன், இரும்பு மாத்திரை கொடுத்தார். மூன்று மாசம் கழித்துப் பார்த்ததில் 12.1. மாத்திரையும் சேர்ந்துதான், கடலை மகிமை என்று கதை விடமாட்டேன். பயல் அடுத்த முகாம் எப்போது என்று இப்போதே கேட்கிறான். இன்னும் 0.4 பாக்கி.

அந்த மிச்சம் 945-ஐ என்ன செய்தான் என்று கேளுங்கள். எங்கள் வங்கியிலேயே மாசம் 900 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டுவிட்டான். ஃபாரம் நிரப்பும்போது என்னிடம் கேட்டான், "சார்ஜி, வட்டி எத்தனை, கட்டணம் ஏதாவது பிடிப்பீங்களா?"

கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டான். நீங்களும் இன்றைக்கு ராத்திரி கூடையை அமுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேளுங்கள், கிலோ என்ன விலைண்ணே?

டிஸ்கி: எனக்கு அடுத்த சர்க்கரைப் பரிசோதனை அடுத்த மாசம். மல்டிகிரெய்ன் டப்பாவில் இப்போது வறுகடலை இருக்கிறது. தங்கமணி ஊரிலிருந்து வீடியோ காலில் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லிச் சோதிக்கிறார். ஆடிட் வீட்டிலும் விடாது போல :-)